தசைக்கும் வேண்டும் தழைச்சத்து!

நெல்லுக்குத் தழைச்சத்து எப்போது, எவ்வளவு இட வேண்டும் என்று கேட்டால் விவசாயிகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால், தங்கள் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. சாப்பாட்டில் உள்ள புரதம்தான் உடம்புக்கான தழைச்சத்து. புரதத்தில் சுமார் 16 சதவிகிதம் தழைச்சத்துதான்.

தசையில் பழைய புரதம் சிதைவதும் புதிய புரதம் உருவாவதும் இரவு பகலாக நடக்கின்றன. புரதம் மிஞ்சினால், கொழுப்பைப்போல உடம்பு அதைச் சேமித்து வைக்காது. அதிலுள்ள தழைச்சத்து யூரியாவாக மாறி சிறுநீரில் போய்விடும். எனவே, மேலுரத்தைப் பிரித்து இடுவதுபோல புரதத்தையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது.

வயது ஏற ஏற, அதே அளவு புரதம் சாப்பிட்டாலும் தசை முன்புபோல உருவாவதில்லை. இதைச் சரிக்கட்டுவது உழைப்பு. பளு தூக்கும் வேலை செய்தால், அடுத்த ஒரு நாள் வரை புரதத்தைத் தசை நன்றாக எடுத்துக்கொள்ளும். உழைத்தும் புரதம் இல்லையென்றால் தசை தேயும். புரதம் இருந்தும் உழைப்பு இல்லையென்றாலும் தேயும். நல்ல உடல்நிலையில் உள்ள முதியவர்கள்கூட 10 நாள் படுத்த படுக்கையாக இருந்தால், கால் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துவிடும்.

‘தினமும் வயலுக்கு நடக்கிறோமே, போதாதா?’ என்று கேட்கலாம். நடை இதயத்துக்கு நல்லது. தசைக்குப் பளுவும் வேண்டும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபிறகு பளுவான வேலை குறைந்துவிட்டது. நாற்காலியில் கை ஊன்றாமல் 10 தடவை உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்றவற்றை முடிந்த அளவு வாரம் இரண்டு, மூன்று நாள்களாவது செய்ய வேண்டும்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை என்கிறது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். 300 கிராம் அரிசியில் சுமார் 21 கிராம், 75 கிராம் பருப்பில் 16 கிராம், கால் லிட்டர் பாலில் 8 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு 25 கிராம் நிலக்கடலை போதும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. பொங்கல், இட்லி, அடை என இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். இப்படிச் சாப்பிட்டால் விலை உயர்ந்த புரத மாவு தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்ய வேண்டும்.

உளுந்து, கொள்ளு, கடலை, பால், முட்டை எல்லாம் விளைகிற வீட்டிலேயே சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அதிலும், கடைசியாகச் சாப்பிடும் பெண்களுக்கு மிஞ்சுவது ரசமும் மோரும்தான். நாளைக்கு 75 கிராம் என்றால், ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 27 கிலோ பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 110 கிலோ. விதைக்கு எடுத்து வைக்கும்போதே இதையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சந்தைக்கு அனுப்புங்கள்.