இனம் காரணமா? போதைப்பொருள் ஆராய்ச்சி கற்ற பாடம்

தனி ஊசல் சோதனையை நீங்கள் பள்ளியில் செய்திருப்பீர்கள். ஒரு மாணவர் இரும்புக் குண்டை ஒரு மீட்டர் நூலிலும், மரக் குண்டை அரை மீட்டர் நூலிலும் கட்டி ஆட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைவுக்கு முன்னது ஏறத்தாழ 2 வினாடியும், பின்னது 1.4 வினாடியும் எடுத்துக்கொள்ளும். "மரம் விரைவாக ஆடும், இரும்பு மெதுவாக ஆடும்" என்று அவர் முடிவு எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? அளவீட்டில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. நூல்களைச் சமமாக்கினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஊசலில் இப்பிழை ஒரு மதிப்பெண்ணோடு போகும். மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் நேர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

கோக்கா இலையிலிருந்து கிடைக்கும் போதைப்பொருள் கோக்கெயின். ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருக்கும்போது அது வெண்பொடி. அமிலப் பகுதி நீங்கிய கட்டிக்குப் பெயர் 'கிராக்'. இரண்டிலும் மூளையைத் தாக்கும் மூலக்கூறு ஒன்றே. கிராக்கைப் புகையாக இழுப்பதால், அது நுரையீரல் வழியே சில வினாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. ஆகவே தீங்கு மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1986ஆம் ஆண்டுச் சட்டம், 5 கிராம் கிராக் விற்றவருக்கும் 500 கிராம் பொடி விற்றவருக்கும் குறைந்தது 5 ஆண்டுச் சிறை என்றது. கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல்தான் இந்த 100க்கு 1 என்ற விகிதம் 18க்கு 1 ஆகக் குறைக்கப்பட்டது.

இதற்கிடையே, 1988இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வு ஒன்று, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே கிராக் பழக்கம் மிகுதி என்று காட்டியது. "அந்த இனத்தின் இயல்பு" என்று பேசுவோருக்கு இது போதாதா? லில்லி-பிளாண்டன், ஆந்தனி, ஷூஸ்டர் ஆகிய மூவர் அதே புள்ளிவிவரங்களை மறுபடி ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் செய்தது நூலைச் சமமாக்கும் வேலைதான். ஒரே குடியிருப்புப் பகுதியில் வாழ்பவர்களை மட்டும் ஒருவரோடொருவர் ஒப்பிட்டனர். இனங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை!

யார் எந்தப் பகுதியில் வாழ்வது என்பது தற்செயலானதா? அல்ல. 1930களில் அரசின் வீட்டுக்கடன் வரைபடங்களில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடன் கொடுக்க ஏற்றவையல்ல என்று குறித்தனர். வீடும் வேலையும் பள்ளியும் அதைத் தொடர்ந்தே அமைந்தன. ஆகவே 'இனம்' என்று அட்டவணையில் எழுதிய இடத்தில் உண்மையில் அளக்கப்பட்டது பெரும்பாலும் இனப்பாகுபாட்டின் விளைவு.

சில வேளைகளில் அளவுகோலே கோணலாக இருக்கும். ஃபுளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, முடிவை 1990இல் வெளியிட்டார்கள். மது அல்லது போதைப்பொருளின் அடையாளம் வெள்ளையரில் 15.4 சதவீதத்தினரிடமும், கறுப்பினத்தவரில் 14.1 சதவீதத்தினரிடமும் இருந்தது. ஏறக்குறைய சமம். ஆனால் அதிகாரிகளுக்குப் புகாராகச் சென்றதோ, கறுப்பினப் பெண்களின் விஷயத்தில் சுமார் 10 மடங்கு! புகார் ஏட்டை மட்டும் பார்த்து ஆராய்ச்சி செய்பவர் எந்த முடிவுக்கு வருவார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஏட்டில் பெண்களின் பழக்கம் பதிவாகவில்லை. புகார் செய்தவர்களின் பார்வைதான் பதிவாகியிருந்தது.

மரபியலும் இனவாதத்துக்குத் துணை நிற்பதில்லை. மனித மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே காணப்படுகிறது என்று லெவன்டின் 1972இல் கணக்கிட்டார்.

அப்படியானால் ஆய்வில் இனத்தைக் குறிக்கவே கூடாதா? குறிக்காவிட்டால் பாகுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பினெல்லஸ் ஆய்வு இனத்தைக் குறித்ததால்தான் அநீதி வெளிப்பட்டது. இனத்தைக் காரணமாக எழுதாமல், கேள்வியாக எழுதவேண்டும்.

அடுத்த முறை, "இன்ன கூட்டத்தாரிடம் இந்தப் பழக்கம் அதிகம்" என்று செய்தித்தாளில் படித்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது? நூலின் நீளத்தைச் சமமாக்கினார்களா?