விபத்துக்குப் பின் படுக்கையருகே செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்

சாலை விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ வயிற்றில் அடிபட்டவருக்கு, வெளியே காயமே இல்லாமல் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சி.டி. ஸ்கேன் வசதியில்லாத கிராமப்புற மருத்துவமனைகளில் இதனைக் கண்டறிய உதவுவது, படுக்கையருகே கொண்டுவரக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவியாகும். இது ஒலி அலைகளால் இயங்குகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம்.

கல்லீரல், மண்ணீரல், இதயம் ஆகியவற்றைச் சுற்றியும் அடிவயிற்றிலும் மருத்துவர் பார்ப்பார். தேங்கிய இரத்தம் திரையில் பெரும்பாலும் கருமையாகத் தெரியும். சில நிமிடங்களே ஆகும். இரத்தம் தெரிந்து, இரத்த அழுத்தமும் குறைந்திருந்தால், அறுவை சிகிச்சையைத் தாமதிக்க இயலாது. அவ்வசதி அங்கு இல்லையெனில் வேறு மருத்துவமனைக்கு உடனே அனுப்புவார்கள். “இங்கேயே பார்க்கக் கூடாதா?” என்று அந்நேரத்தில் வாதிடுவது நோயாளிக்கே கேடு.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளன்று. சிறிதளவு கசிவு முதலில் புலப்படாமல் போகலாம். குடலில் ஏற்பட்ட கிழிசலை இந்த ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. அதனால்தான் நோயாளியை அங்கேயே வைத்திருந்து, தேவைப்பட்டால் சில மணி நேரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்கிறார்கள். இடையில் வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வயிற்றுவலி கூடினாலோ, தோள்பட்டையில் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, வாந்தி தோன்றினாலோ செவிலியரிடம் உடனே கூறவும். மருத்துவர் அனுமதிக்கும்வரை உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். உறவினர்கள் அன்போடு வாங்கிவரும் சோடாவும் இளநீரும் இதில் அடங்கும்.

அடிபட்ட நேரம், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகள், பெண்களாயின் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்கவும்.