கோரை என்ற சொல்லின் எடை

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறித் தாமிரபரணி ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொன்றாகக் கடந்து பத்தமடையில் இறங்கலாம். அங்கே பட்டுப்பாய் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு பாய்க்கா இவ்வளவு விலை?"

நெய்கிறவரிடம் பதில் இருக்கிறது. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் கீற வேண்டும், காயவைக்க வேண்டும், தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும், திரும்பவும் உலர்த்த வேண்டும். நூல் மாதிரி மெலிந்த அந்த இழையைப் பருத்தியிலோ பட்டிலோ கட்டிய பாவுக்குள் ஒவ்வொன்றாக ஊடையாகக் கோக்க வேண்டும். முரட்டுப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். மணமக்கள் பெயரையும் நெய்யச் சொன்னால் வேலை இன்னும் நீளும். இவ்வளவையும் கேட்ட பிறகு அந்த விலை வேறு மாதிரித் தெரியும்.

ஆனால் அந்தப் பதில் திண்ணையைத் தாண்டுவதில்லை. அதையே எழுதி இணையத்தில் வைத்தால் என்ன ஆகும்? கோலாலம்பூரில் மகளின் கல்யாணத்துக்குச் சீர் தேடும் ஒரு தாய் கைபேசியில் நாலு சொல் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடானுகோடிப் பக்கங்களுக்கு நடுவே பத்தமடைப் பதில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்கிறது. நூலகத்துக்கு அவர் வகுத்த அந்த விதியை இன்று ஓர் இயந்திரம் நிறைவேற்ற முயல்கிறது.

நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கத்திலும் சமூக ஊடகங்களிலும் எழுதுவதை விளம்பரத் தொழிலில் 'கன்டென்ட் மார்க்கெட்டிங்' என்பார்கள். அதில் சில எழுத்து ஆண்டுக்கணக்கில் வாசகரைக் கொண்டுவருகிறது, பல எழுத்து மறுநாளே மறைந்துபோகிறது. அதிர்ஷ்டத்தைத் தாண்டி அதற்குக் கணக்கும் மொழியியலும் காரணமாக இருக்கின்றன.

பின்பக்க அகராதி

நாம் கேட்ட பிறகுதான் தேடுபொறி பக்கங்களைப் படிக்கத் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்பே படித்து வைத்திருக்கிறது. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு நூலின் பின்னே வரும் அரும்பத அகராதி தெரியும். ஒரு சொல்லைப் பிடித்தால், அது வரும் இடங்கள் வரிசையாகக் கிடைக்கும். தேடுபொறியும் இணையம் முழுவதற்கும் அப்படியோர் அகராதி வைத்திருக்கிறது. 'கோரை' என்று தட்டியதும் அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ள பட்டியலை எடுக்கிறது. 'பாய்' என்பதற்கு எதிரே உள்ளதையும் எடுக்கிறது. இரண்டிலும் இருக்கும் பக்கங்கள் மட்டும் தேர்வாகின்றன.

தமிழில் இதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. 'கோரை' என்ற சொல்லை இயந்திரம் எப்படிச் சேமிக்கிறது என்று பாருங்கள். 'ரை' என்பதில் நம் கண்ணுக்கு இணைக்கொம்பு முதலில் தெரியும். யூனிகோடு முறையில் 'ர' முதலில், ஐகாரக் குறி பிறகு. ஒலியின் வரிசையே சேமிப்பின் வரிசை. 'கோ' இன்னும் வியப்பானது. ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே மட்டும் வேறுவேறு. இரண்டும் ஒன்றுதான் என்று சமன்படுத்தும் விதியும் யூனிகோட்டிலேயே இருக்கிறது.

1991இல் வந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனாலும் வெகுகாலம் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. ஒருவர் 'க' என்று வைத்த எண்ணை இன்னொருவர் வேறு எழுத்துக்கு வைத்திருந்தார். அந்த எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, தேடலுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோட்டைத் தரமாக ஏற்றது. இன்றும் பல கடைகள் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு வண்ணப் படத்துக்குள் எழுதிப் போடுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்றாலும், எழுத்தாகவே தட்டிய வரிதான் இந்த அகராதிக்குள் பிழையில்லாமல் போகும்.

மா பூத்தது, மா ஓடியது

அடுத்த சிக்கல் 'பாய்'. பாயை, பாயில், பாய்க்கு, பாயோடு, பாய்கள் என்று வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் ஏற ஏறச் சொல்லின் வடிவம் மாறிக்கொண்டே போகிறது. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று என்று இயந்திரம் அறிய வேண்டும். அறிந்த பிறகும் குழப்பம் தீராது. படுக்கும் பாய், கப்பலின் பாய், 'பாய்ந்து ஓடு' என்பதில் வரும் பாய் என்று பொருள் பல.

இதற்கு வழி சொன்னவர் தொல்காப்பியர். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள், அதோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்பது கிளவியாக்கத்தில் அவர் வகுத்த இலக்கணம். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் குதிரை. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'வேர்ட்டூவெக்' என்ற முறை நிற்பதும் இதே அடித்தளத்தில்தான். கோடிக்கணக்கான வாக்கியங்களில் ஒரு சொல்லின் பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்று இயந்திரம் பார்க்கிறது. அந்த அண்டை அயலை வைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு முகவரி தருகிறது. ஒரே மாதிரிச் சூழலில் வரும் சொற்களின் முகவரிகள் பக்கத்துப் பக்கத்தில் அமைகின்றன. பிறகு வந்த முறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வாக்கியத்திலும் 'பாய்' எந்தப் பாய் என்று சுற்றியுள்ள சொற்களைக் கொண்டே பிரிக்கின்றன. கோரை, பாவு, ஊடை, நெசவு என்ற சுற்றத்தோடு வந்தால் அது பத்தமடைப் பாய்.

ஆகவே ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறவர் அதன் பெயரை மட்டும் இருபது முறை எழுதிப் பயனில்லை. அந்தப் பொருளின் சுற்றம் முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அரிய சொல்லே கனமான சொல்

இந்த அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பிரிட்டனில் வாழ்ந்த கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறதோ, அதற்கு ஏற்ப அதன் எடை குறைய வேண்டும் என்றார். எங்கும் வரும் சொல் எதையும் அடையாளம் காட்டாது. அரிதாக வரும் சொல்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 1,00,000 வணிகப் பக்கங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். 'தரம்' என்ற சொல் அவற்றில் 50,000இல் வருகிறது. 'கோரை' 100இல் மட்டும் வருகிறது. ஒரு சொல் வரும் பக்கங்கள் பாதியாகக் குறையும்போதெல்லாம் எடை ஒன்று கூடும் என்பது விதி. அப்படியானால் 'தரம்' என்பதன் எடை 1. 'கோரை' என்பதன் எடை ஏறத்தாழ 10. "பாரம்பரியம், நம்பிக்கை, உலகத் தரம்" என்று ஒரு நிறுவனம் பக்கம் பக்கமாக எழுதினாலும் தராசு அசையாது. "கோரையை ஊறப்போட்டால் இழை ஏன் மிருதுவாகிறது" என்று ஒரு வரி எழுதினால் தட்டு இறங்கும்.

இன்றைய தேடுபொறிகள் இன்னும் எத்தனையோ அளவைகளைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. ஆனால் இந்த அடிப்படை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தக் கனமான சொற்கள் விளம்பர அலுவலகத்தில் பிறப்பதில்லை. தறியில் உட்கார்ந்தவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர், மில்லில் நூல் எண் பார்த்தவர் வாயில் அவை அன்றாடம் புழங்குகின்றன.

யார் கை காட்டுகிறார்கள்?

ஒரே விஷயத்தைப் பல பக்கங்கள் சொல்லும்போது எதை முதலில் காட்டுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் ஒரு விடை தந்தார்கள். இணையத்தில் மனம்போன போக்கில் அலையும் ஒரு வழிப்போக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். 100இல் 85 முறை, நிற்கும் பக்கத்தில் உள்ள ஏதோ ஓர் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கம் போகிறார். மீதி 15 முறை, எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார். முடிவில்லாமல் நடந்தால் அவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்பதே அந்தப் பக்கத்தின் மதிப்பு. பலர் கை காட்டும் பக்கம் உயரும். மதிப்புள்ளவர் கை காட்டினால் இன்னும் உயரும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லுக்கும் போகிறபோக்கில் யாரோ சொன்ன சொல்லுக்கும் நாம் தரும் மதிப்பு வேறுதானே? அதையே இது கணக்காக்குகிறது. காசு கொடுத்துக் கை காட்டவைத்த கதைகளும் நடந்தன. அடுத்தவர் எழுத்தைப் பிரதியெடுத்து நிரப்பிய பக்கங்களும் பெருகின. 2011இல் கூகுள் கொண்டுவந்த 'பாண்டா' என்ற மாற்றம் அப்படிப்பட்ட சத்தற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. குறுக்குவழி ஒவ்வொன்றும் ஒருநாள் அடைபடுகிறது, பயனுள்ள எழுத்து தங்குகிறது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

சமூக ஊடகத்தின் கணக்கு வேறு. ஒரு செய்தியை முதலில் 100 பேர் படிக்கிறார்கள். பத்துப் பேரில் 5 பேர் ஆளுக்கு ஒரு புதியவருக்கு அனுப்பினால் அடுத்த சுற்றில் 50, பிறகு 25 என்று தேய்ந்து மொத்தம் 200 பேரில் நிற்கும். பத்துக்கு 8 பேர் அனுப்பினால் 500. பத்துக்கு 9 பேர் என்றால் 1,000. ஒரே ஓர் ஆள் கூடியதற்கே வாசகர் கூட்டம் இரட்டிக்கிறது! கொரோனா நாள்களில் நாம் செய்தித்தாளில் பார்த்த பரவல் எண்ணின் கணக்கும் இதுதான்.

அந்த ஒன்பதாவது ஆளை அனுப்பவைப்பது எது? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒரு குறிப்புத் தருகிறது. புதுத் தகவல் நமக்கு நெருங்கியவர்களைவிட அரைகுறை அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிந்ததே சுற்றும். பழைய அலுவலக நண்பர்தான் செய்தியை வேறு கூட்டத்துக்குக் கடத்துவார். அதிகப் பழக்கமில்லாதவருக்கு ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால் அது அவருக்கு உதவும் என்ற நிச்சயம் வேண்டும். கடையின் பெருமையை யாரும் அப்படி அனுப்புவதில்லை. "நீங்க பாய் வாங்கணும்னீங்களே, இதைப் பாருங்க" என்று அனுப்புவார்கள்.

சமூக ஊடகம் ஆற்று வெள்ளம். வந்த வேகத்தில் போய்விடும். எழுதி வைத்த பக்கம் குளத்துத் தண்ணீர். தாமிரபரணிக் கால்வாய்கள் வெள்ளத்தைத் திருப்பிக் குளம் நிறைப்பதுபோல, கைபேசியில் ஓடிவரும் கூட்டத்தைத் தங்கி நிற்கும் பக்கத்துக்குத் திருப்பத் தெரிந்த நிறுவனமே கோடையிலும் பாசனம் செய்யும். இப்படித் தங்கும் எழுத்துக்குப் பழைய உதாரணம் உண்டு: அமெரிக்காவின் வேளாண் கருவி நிறுவனமான ஜான் டீர் 'தி ஃபரோ' என்ற உழவர் இதழை 1895இல் தொடங்கியது. விவசாயிக்குப் பயன்படும் விஷயங்களைச் சொல்லியே அது நூறாண்டைத் தாண்டி வாழ்கிறது. நம் பக்கத்திலும் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலிருந்து ஜோஹோ உலகத்துக்கே மென்பொருள் செய்துதருகிறது. அந்த மென்பொருள்களை எப்படிக் கையாள்வது என்று விளக்கும் உதவிப் பக்கங்களையும் அந்த நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது.

தடையும் விடையும்

இத்தனை கணக்குகளும் சேர்ந்து எந்த எழுத்தைத் தேடுகின்றன? பதில் நாம் பஸ் ஏறிய விக்கிரமசிங்கபுரத்திலேயே இருக்கிறது. தமிழ் உரைநடையின் சிகரங்களில் ஒருவரான சிவஞான முனிவர் இந்த ஊரில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த அவர் 1785இல் மறைந்தார். சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய பேருரைதான் சிவஞான மாபாடியம்.

நம் உரையாசிரியர்களுக்குத் தடைவிடை என்றொரு முறை உண்டு. படிப்பவர் மனத்தில் எழக்கூடிய மறுப்பை அவர்களே எழுப்புவார்கள். 'எனின்' என்று நிறுத்தி, அதற்கு விடை சொல்வார்கள். எதிராளியின் கேள்வியை அவர்கள் மறைத்ததில்லை. அதை முழுப் பலத்தோடு முன்வைத்த பிறகே பதிலுக்குப் போனார்கள். பத்தமடைத் திண்ணையில் நடப்பதும் அதே. பாய்க்கா இவ்வளவு விலை என்பது தடை. கோரையும் ஊறலும் வாரக்கணக்கான உழைப்பும் விடை.

வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை அவர் சொல்லிலேயே தலைப்பாக்கி, தொழில் தெரிந்தவர் சொல்லிலேயே பதில் எழுதினால், அகராதி அதைப் பிடிக்கும், தராசு எடை தரும், படித்தவர் அடுத்தவருக்கு அனுப்புவார்.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை கடையைத் திறந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு மாதம் வாடிக்கையாளர்கள் கேட்பதை எல்லாம் அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பட்டறையில் மூத்த கைக்காரரை உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டு, அவர் சொன்ன தமிழிலேயே எழுதுங்கள். பாதகமான பதிலையும் மறைக்காதீர்கள். அவர் சொன்ன சொற்கள் அவரோடு போய்விடக் கூடாது.