சோற்றுக் கணக்கும் உடல் நலமும்

நெல்லை விளைவிப்பவர் உழவர். அந்நெல்லின் கஞ்சியைப் பாவுக்கு ஊட்டி நூலுக்கு உரமேற்றுபவர் நெசவாளர். இவ்விருவருக்கும் உணவைப் பற்றி எடுத்துரைக்கப் புகுவது மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிப்பது போலாம் என்று அங்கத்தினர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் பொருட்டுத் திண்டுக்கல் பேகம்பூரையும், நாகல் நகரின் நெசவுத் தெருக்களையும், சின்னாளபட்டியையும், சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களையும் நாம் சுற்றிவருகையில், அங்கத்தினர் இல்லங்களில் கடன் பத்திரத்தோடு மருந்துச் சீட்டும் ஒரே பையில் இருக்கக் காண்கிறோம். அச்சீட்டுகளில் பெரும்பாலானவை நீரிழிவுக்கு உரியவை.

இது நம் வட்டாரத்திற்கு மட்டும் வந்த கேடன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் கூடி நடத்திய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிலில் நிற்போர். தமிழ்நாட்டில் வயது வந்தோர் நூற்றுவரில் ஏறக்குறைய 14 பேருக்கு இந்நோய் உண்டு. நெசவாளருக்குக் கண்ணும் விரலும் காலுமே முதலீடு. இந்நோய் கண்ணின் நரம்புத் திரையைக் கெடுக்கிறது. பாதத்தின் உணர்ச்சியைப் போக்குகிறது. இழை தெரியாத கண்ணும், மிதியை உணராத காலும் உடையவர் தறியில் அமர்வது எங்ஙனம்? முள் தைத்ததை அறியாத உழவர், புண் பெருகிய பின்னரே ஆஸ்பத்திரியை நாடுகிறார். ஆகவே இது குடும்ப வருமானத்தையும் சங்கத்தின் கடன் வசூலையும் தொடுகின்ற விஷயமாகும்.

நம் உணவு மாறிய விதம்

திண்டுக்கல் சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் கேழ்வரகும் சாமையும், அவற்றோடு ஊடுபயிராக மொச்சையும் தட்டைப்பயறும் கொள்ளும் விளைந்த நிலம் இது. நெற்சோறு பல இல்லங்களில் பண்டிகைப் பொருளாகவே இருந்தது. பிறகு பாசன வசதியும், வீரிய நெல் ரகங்களும், அரவை ஆலைகளும் பெருகின. நியாயவிலைக் கடைகளில் அரிசி மலிவாகவும், 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் இலவசமாகவும் கிடைத்துவருகிறது. அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவை நம் கூட்டுறவுச் சங்கங்களே. இவ்வரிசி பசியை ஓட்டியது. இதனைக் குறை கூறுவது நன்றி மறத்தலாகும். ஆனால் பசி நீங்கிய பின்னும் மூன்று வேளையும் அரிசியையே நிறைத்து உண்ணும் பழக்கம் நீங்கவில்லை. காலையில் இட்டிலி, நண்பகலில் சோறு, இரவில் தோசை எனப் பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. இடையிடையே சர்க்கரை சேர்த்த தேநீரும் உண்டு.

உழைப்போ நேர்மாறாகக் குறைந்துவிட்டது. ஏற்றம் இறைத்தவர் மின்விசைப் பம்பின் பொத்தானை அழுத்துகிறார். கைத்தறியின் இடத்தைப் பல இடங்களில் விசைத்தறி பிடித்துக்கொண்டது. வரவு குறையாமல் செலவு குறைந்தால் கையிருப்பு மிகுவது கணக்கின் இயல்பு. உடலில் அக்கையிருப்பு இடுப்பைச் சுற்றிக் கொழுப்பாகத் தங்குகிறது. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடுப்பளவு எச்சரிக்கைக்கு உரியது என்பது நம் நாட்டவர்க்கென வகுக்கப்பட்ட அளவு.

உடலினுள் நிகழ்வது

சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் சர்க்கரையாகப் பிரிந்து இரத்தத்திற் கலக்கிறது. அப்போது கணையம் இன்சுலின் என்னும் இயக்குநீரைச் சுரந்து, அச்சர்க்கரையை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிய மாவுச்சத்து வந்துகொண்டிருந்து, கொழுப்பும் சேர்ந்துவிட்டால், உயிரணுக்கள் இன்சுலினின் ஏவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, நாளடைவில் ஓய்ந்துபோகிறது.

இன்சுலின் மிகுதி இளம்பெண்களுக்கு மற்றொரு துன்பத்தையும் தருகிறது. அது சூலகத்தைத் தூண்டி, ஆண்மைக்குரிய இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. மாதவிடாய் தவறுதல், முகத்தில் மயிர் வளர்தல், கருவுறத் தாமதித்தல் ஆகியன இதனால் விளையலாம். 'சூலக நீர்க்கட்டி' என்று வழங்கும் இந்நிலையை 1935-ஆம் ஆண்டிலேயே ஸ்டைன், லெவந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விவரித்துள்ளனர். இதனைப் பெண்ணின் குற்றமென்றோ, தெய்வக் குறையென்றோ கருதி மறைப்பது அறியாமை. உடல் எடை மிக்கவர், எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீர்படக் காண்கின்றனர்.

குடலுக்கும் இதில் பங்குண்டு. நாம் செரிக்கவியலாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடலின் உட்சுவரைப் பேணுவதோடு, இன்சுலினுக்குத் துணைபுரியும் இயக்குநீர்களையும் குடலிலிருந்து சுரக்கத் தூண்டுகின்றன. நன்கு தீட்டிய அரிசியில் நார் மிகக் குறைவு. 100 கிராம் அரிசியில் சுமார் 3 கிராம் நாரே உள்ளது. கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம் வரை உள்ளது.

நம் முன்னோர் உண்ட பழைய சோற்றையும் இங்குக் குறிப்பிடலாம். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிமானத்திற்கு எளிதில் இணங்காத நிலையை அடைந்து, நாரைப் போல் குடலுயிர்களுக்கு உணவாகிறது. நீரூற்றி வைக்கையில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. குடல் நோய்களில் இதன் பயனை ஆராயும் பணியைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்டுள்ளது. எனினும் பழைய சோறும் சோறே. நீரிழிவு உடையோர் அதனையும் அளந்தே உண்ணுதல் வேண்டும்.

குன்னூர் காட்டிய வழி

சோற்றை மட்டும் நம்பும் உணவின் குறை இன்று கண்டறியப்பட்டதன்று. 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதியினர் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. அவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறியில், 2,000 கலோரி தேவைப்படுவோர்க்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி லிட்டர், கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என வகுத்துள்ளது. கடும் உடலுழைப்பு உடையோர்க்கு இவ்வளவு கூடும்.

மாவுச்சத்தை அறவே தள்ளலாமா?

மாவுச்சத்தைக் குறைக்கும் முறை புதியதன்று. லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பார், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தம் உடல் பருமன் குறைந்த வரலாற்றை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். தமிழ் மக்களிடையே 'பேலியோ' என்னும் பெயரால் நியாண்டர் செல்வன் முதலியோரின் எழுத்துகள் வாயிலாக இம்முறை சென்ற பத்து, பதினைந்து ஆண்டுகளில் பரவியுள்ளது. இதனால் பயனடைந்தோர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு முடிவு, முதல் ஆறு மாதங்களில் இரத்தச் சர்க்கரை நன்கு தணிகிறது என்றும், ஓராண்டு முடிவில் பிற உணவு முறைகளோடு உள்ள வேற்றுமை பெரிதும் குறைந்துவிடுகிறது என்றும் கூறுகிறது. காரணம் எளிது: கடுமையான விரதத்தை நெடுநாள் காப்பவர் சிலரே.

நம் நாட்டு நிலைக்கேற்ற நடுவழியை முற்கூறிய சென்னை ஆய்வாளர்கள் 2022-இல் கணித்துள்ளனர். நம்மவர் உணவில் கலோரியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் மாவுச்சத்தே. அதனை 49 முதல் 54 பங்காகக் குறைத்துப் புரதத்தை 19 அல்லது 20 பங்காக உயர்த்தினால், புதிதாக நீரிழிவு கண்டோர் பலர் அதிலிருந்து மீளக்கூடும் என்பது அவர்கள் மதிப்பு. 2025-இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு, அரிசிக்குப் பதில் அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. தட்டின் நிறம் மாறினாற் போதாது. அளவு குறைந்து, அவ்விடத்தில் பருப்பும் பாலும் போன்ற புரத உணவு வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

நிற்க, ஓர் எச்சரிக்கை. நெசவாளர் ஒருவர், பிறர் சொற்கேட்டுச் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினார். முற்பகலில் வியர்த்து, கை நடுங்கித் தறியிலேயே சாய்ந்துவிட்டார். அருகிருந்தோர் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டிய பின்னரே தெளிந்தார். இன்சுலின் ஊசியும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் உணவு வரும் என்று எண்ணியே தம் வேலையைச் செய்கின்றன. உணவைக் குறைப்போர் மருத்துவரைக் கேட்டு மருந்தையும் குறைக்க வேண்டும். பேகம்பூரில் ரமலான் நோன்பு நோற்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். நோன்பு தொடங்குமுன் மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். சிறுநீரகக் கோளாறு உடையோரும் கருவுற்ற பெண்டிரும் தாமே உணவு முறையை மாற்றலாகாது.

வீட்டுக் கணக்கு

புரத உணவு செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் நிலவுகிறது. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாள்தோறும் 100 கிராம் அரிசியைக் குறைத்து, 50 கிராம் கொள்ளும் 30 கிராம் நிலக்கடலையும் சேர்ப்பதாகக் கொள்வோம். கலோரி ஏறக்குறைய சமமே. மாவுச்சத்து 78 கிராமிலிருந்து சுமார் 34 கிராமாகிறது; புரதமோ 8 கிராமிலிருந்து 18 கிராமாக உயர்கிறது. ஒரு முட்டை மேலும் 6 கிராம் தரும். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் வேண்டுமளவு பருகினால் வயிறு உப்பாது. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்ற வரிசையில் உண்பதும் இரத்தச் சர்க்கரை திடீரென ஏறுவதைத் தணிக்கும். இவ்வூருக்குப் பேர்பெற்றுத் தந்த பிரியாணியை விலக்கவும் வேண்டியதில்லை. அதனை விருந்துக்கு உரியதாக வைத்துக்கொண்டால் போதும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். பருப்போ விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆதலின் ஏழையின் தட்டில் அரிசி மிகுவது அவர் குற்றமன்று. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பயறு வகைகளுக்கும் அதுபோன்ற வழி பிறக்க வேண்டும்.

அதுவரை நம் சங்கங்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. மானாவாரி உழவர் விளைவிக்கும் கொள்ளையும் தட்டைப்பயறையும் நிலக்கடலையையும் அறுவடைக் காலத்தில் வேளாண்மைச் சங்கம் வாங்கிச் சேமித்து, நெசவாளர் சங்கத்தின் வாயிலாக அங்கத்தினர்க்குத் தவணையில் கொடுக்கலாம். இடைத்தரகருக்குச் செல்லும் ஆதாயம் இருவருக்கும் மிஞ்சும். உழவருக்கு விற்பனை உறுதி, நெசவாளருக்கு உணவு உறுதி. ஆண்டுப் பொதுக்கூட்ட நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து இரத்தச் சர்க்கரையும் இடுப்பளவும் பார்க்கச் செய்வதற்குச் சங்கத்திற்குப் பெருஞ்செலவு ஆகாது. 30 வயது கடந்த அங்கத்தினர் யாவரும், சிறப்பாகப் பெண்டிர், இதில் பங்கு கொள்ள வேண்டும்.

வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஆதாயப் பங்கீட்டுக்கு அடுத்தபடியாகப் பயறு கொள்முதலையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.