வரட்சி நாளில் பாத்திக்கு ஹோஸ் பிடிக்கலாமா?

அட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பீலித் தண்ணி மெலிந்துவிடும். ஊவாப் பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. இந்த நாட்களில், "மரக்கறிப் பாத்திக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது" என்று கட்டுப்பாடு போட்டால் லயத்தில் சண்டை வருகிறது. "நட்ட கோவாவும் போஞ்சியும் காய்ஞ்சு போறதா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள்.

15 லீற்றர் வாளி ஒன்றை ஹோஸால் நிரப்பிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிறைந்தால், அரை மணி நேரத்தில் 450 லீற்றர் போய்விடும். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 இல் கடும் வரட்சி வந்தபோது, நகரக் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றத் தடை விதித்து, ஓர் ஆளுக்கு நாளைக்கு 50 லீற்றர் என்று அளவு வைத்தார்கள். அந்த அளவுப்படி, 450 லீற்றர் என்பது ஒன்பது பேரின் ஒருநாள் தண்ணி!

கீழ் லயத்தில் ஹோஸ் ஓடினால் மேல் லயத்துக் குழாயில் காற்றுத்தான் வரும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் குடத்தோடு அலைய வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாயில் தண்ணி வற்றினால், வெடித்த இடங்களாலும் சேற்றில் கிடக்கும் ஹோஸ் முனையாலும் அழுக்குத் தண்ணி உள்ளே இழுபடும். வயிற்றோட்டம் வர அது போதும்.

பாத்தியைக் காப்பாற்ற வழி இருக்கிறது:

1. வெயில் ஏறுமுன் அல்லது வெயில் தாழ்ந்த பின் ஊற்றுங்கள். நடுப்பகலில் ஊற்றினால் கூடுதலாக ஆவியாகிப் போய்விடும்.

2. இலைமேல் தெளிக்காமல், வாளியில் எடுத்து வேரடியில் ஊற்றுங்கள்.

3. அரிசி, மரக்கறி கழுவிய தண்ணியை வீசாதீர்கள். பாத்திக்கு அதை ஊற்றலாம்.

4. காய்ந்த மானாப்புல்லைச் செடியடியில் பரப்புங்கள். ஈரம் நிற்கும்.

5. மழை பெய்யும்போது கூரைத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்து, நுளம்பு புகாமல் இறுக மூடி வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரே தாங்கித் தண்ணியைப் பாவிக்கும் எல்லோருக்கும் கட்டுப்பாடு ஒன்றாக இருக்க வேண்டும். பங்களாப் புல்தரைக்கு ஹோஸ் ஓட, லயத்துப் பாத்திக்கு மட்டும் தடை என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். தலைவர்மாரும் தோட்ட நிர்வாகமும் வரட்சி தொடங்கும் முன்பே கூடிப் பேசி, நேரத்தையும் முறையையும் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டுவது நல்லது.