மேடையைத் திரையில் காட்டுவோம்: கமரா வாங்குமுன் வயரை அளவுங்கள்

எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாக்களிலும் அரங்கேற்றங்களிலும் பின்வரிசையில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் பார்வை குறைந்த அம்மம்மாமாரும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும்தான். பேத்தி மேடையில் அபிநயம் பிடிக்கிறாள். அம்மம்மாவுக்குத் தெரிவதோ உடுப்பின் நிறம் மட்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரை கட்டி, கமராப் படத்தை உடனுக்குடன் அதில் விழுத்தினால் இந்தக் குறை தீரும்.

இதற்கெனப் பெற்றோர் காசு சேர்த்தவுடன் எழும் முதற் கேள்வி, "எந்தக் கமரா வாங்குவம்?" என்பதுதான். ஆனால் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது, "கமரா நிற்கும் இடத்திலிருந்து புரொஜெக்டர் எத்தனை மீற்றர்?" என்பதே.

முதலில் வயர்

வீட்டில் ரி.வி.க்குப் பாவிக்கும் எச்.டி.எம்.ஐ. வயர் 5 மீற்றர், 10 மீற்றர் வரை நம்பிக்கையாக வேலை செய்யும். மண்டபத்தின் சுவரோரமாகச் சுற்றி இழுக்க 30 மீற்றராவது வேண்டும். அந்தக் காலத்து மஞ்சள் முனை வயரில் தூரம் கூடினால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். டிஜிட்டல் அப்படியல்ல. ஓரளவு தூரம்வரை பளிச்சென்றிருக்கும்; அதைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும், பிறகு திரை கறுத்துவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, எஸ்.டி.ஐ. வயர். நல்ல வயரில் 1080 படம் 100 மீற்றர்வரை போகும். முனையைச் செருகித் திருகிப் பூட்டுவதால், பிள்ளைகள் ஓடித் தட்டினாலும் இலகுவில் கழராது. கமராவில் எஸ்.டி.ஐ. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சிறிய மாற்றிப் பெட்டி பூட்ட வேண்டும். வயர் 75 ஓம் வகையாக இருக்கட்டும். வானொலிக்காரர் பாவிக்கும் 50 ஓம் வயர் சரிவராது.

இரண்டு, கணினி வலையமைப்புக்குப் போடும் கற் 6 வயர். இதற்கும் இரு முனையிலும் பெட்டி வேண்டும். வயர் மலிவு, எங்கும் கிடைக்கும்.

மூன்று, ஒளியிழை எச்.டி.எம்.ஐ. வயர். பெட்டி தேவையில்லை. ஆனால் ஒரு முனை கமராவுக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு. மாற்றிப் பூட்டினால் படம் வராது. மடித்து நசித்தால் உள்ளே முறிந்துவிடும்.

வயரில்லாத கருவி வசதிதான். ஆனால் நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் இருக்கும் மண்டபத்தில் மலிவான கருவிகளை நம்ப முடியாது.

பிறகு கமரா

"4கே" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பல மண்டபங்களின் புரொஜெக்டர்கள் 1080க்கு மேல் காட்டுவதில்லை. பார்க்க வேண்டியது ஒளியியல் சூம். 20 மடங்கு இருந்தால் மண்டபத்தின் நடுவிலிருந்தே முகத்தைப் பிடிக்கலாம். டிஜிட்டல் சூம் கணக்கில் சேராது.

பாவித்த கமரா வாங்குவதில் தவறில்லை. உதாரணமாக, 2017இல் வந்த கனன் எக்ஸ்.ஏ.15இல் 20 மடங்கு சூமும் எஸ்.டி.ஐ. முனையும் உண்டு. அதன் கூடப்பிறந்த எக்ஸ்.ஏ.11இல் எஸ்.டி.ஐ. இல்லை. எதை வாங்கினாலும் காசு கொடுக்கமுன் ஒரு ரி.வி.யில் பூட்டி மூன்று விடயங்களைப் பாருங்கள். பற்றரி அடையாளமும் நேரமும் படத்தில் விழாமல் நிறுத்த முடிகிறதா? சுவர் மின்சாரத்தில் ஒரு மணித்தியாலம் தானாக நிற்காமல் ஓடுகிறதா? எச்.டி.எம்.ஐ. துளை ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா? புகைப்படக் கமராக்கள் பலவற்றில் இந்தத் துளை மிகச் சிறியது. ஒரு இழுவையில் உடைந்துவிடும்.

படம் பிந்தினால்

கமரா, இடையில் பூட்டும் பெட்டிகள், புரொஜெக்டர் ஒவ்வொன்றும் படத்தைக் கொஞ்சம் பிந்தவைக்கும். செக்கனுக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிசெக்கன். நாலு படம் பிந்தினாலே சலங்கைச் சத்தம் முன்னும் கால் பின்னுமாகத் தெரியும். கமராவைச் செக்கனுக்கு 50 படம் என்று வைத்தால் இது பாதியாகக் குறையும். புரொஜெக்டரில் விளையாட்டுக்கான தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 50இல் ஒன்று என வையுங்கள். மண்டப விளக்கு படத்தில் துடிக்காது. கனடாவில் இவை இரண்டும் 60.

வயரைச் சுவரோரமாகவே கொண்டு போங்கள். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் அகலமான துணி ரேப்பால் முழுவதும் மூடி ஒட்டுங்கள். முதியவர் ஒருவர் தடக்கி விழுந்தால் விழாவே விழாவாக இராது.

விழாவுக்கு முதல் நாள் மண்டபத் திறப்பைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் பூட்டி ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்கள் எங்களைவிட வேகமாகப் பழகிவிடுவார்கள். ஒரு பிள்ளையை மேடையில் நிற்கவிட்டு, நீங்கள் கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்து திரையைப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் கண் அசைவது தெரிந்தால், சேர்த்த காசு வீண்போகவில்லை.