வேலியோரத்து இளவேனில்

இளவேனில் என்றதும் மேனாட்டு நூல்களைப் படிக்கும் மாணவர் மனத்தில் எழுவது, உறைபனி உருகி, மொட்டையாய் நின்ற மரங்களெல்லாம் ஒருங்கே பூத்துக் குலுங்கும் காட்சியாகும். யாழ்ப்பாணத்துக் கிராமத்து வீடொன்றில் அதனை எதிர்பார்த்திருப்பவர் ஏமாந்தே போவர். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று முன்னோர் வகுத்தனர். ஆயினும் அதன் அறிகுறிகள் மாசிப் பின்பனியிலேயே வளவுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றைக் காண விரும்புவோர் முதலில் வேலியைப் பார்த்தல் வேண்டும்.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டுப் பனையோலையால் அடைப்பது நம்மவர் வழக்கம். ஆட்டுக்குக் குழை தரும் முள்முருக்கு, வெட்டாது விடப்பட்டால், மாசியளவில் இலைகளை உதிர்த்து வெறும் முள்ளுடம்போடு நிற்கும். பட்டுப்போயிற்றோ என்று வீட்டார் ஐயுறும் வேளையிற் கொம்பர் நுனிகளிற் செந்நிறப் பூங்கொத்துகள் தோன்றும். தேன் குடிக்க மைனாக்கள் வந்து சண்டையிடும். சிங்கள மக்களும் இம்மலரை, ‘எறபது’ என்ற பெயரால், புத்தாண்டின் தூதாகவே கொள்கின்றனர்.

இம்மரத்துக்கு இன்று இரண்டு பகைகள் உள. ஒன்று, 2004ஆம் ஆண்டில் அறிவியலாளர் முதன்முதலாக விவரித்த ஒரு நுண்ணிய குளவி. அது இளந்தளிரில் முட்டையிட, இலையும் காம்பும் கழலை கழலையாக வீங்கி மரம் நலிகின்றது. இலங்கையிலும் இக்கேடு பரவிற்று. மற்றையது சீமெந்து மதில். ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவையும், கதியால் நகர்ந்ததென்று எழும் எல்லை வழக்குகளையும் அறிந்தவர் மதில் கட்டுவோரைக் குறை கூறமாட்டார். ஆயினும் மதில் எழுந்த வளவிலே பிள்ளைக்கு முள்முருக்கு எதுவென்று காட்ட வழியில்லை. கிணற்றடிப் பக்கத்திலேனும் நான்கு கதியால்களை விட்டுவைத்தல் பெருஞ்செலவன்று.

கிணறும் ஓர் அறிகுறி கூறும். தை மாதத்தில் ஞாயிறு தெற்கே சாய்ந்திருப்பதால், ஒடுக்கமான கிணறுகளில் நண்பகல் வெயில் வடக்குச் சுவரின் மேற்பகுதியோடு நின்றுவிடும். பின்னர் அது நாளுக்கு நாள் கீழிறங்கும். பங்குனியில் ஞாயிறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 பாகை வடக்கே நகர்கின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். அன்று நண்பகலில் எட்டிப் பார்த்தால் ஞாயிறு நீருக்குள்ளே கிடக்கும். வாடைக்காற்று ஓய்ந்து கொண்டல் வீசத் தொடங்குவதும் இவ்விடைக்காலத்திலேதான்.

இனிப் பறவைகள். கரிய ஆண்குயில் விடியுமுன்பே ஓயாது கூவுவதை அறியாதார் இலர். அதே நாள்களிற் காகம் சுள்ளி காவிச் செல்வதைக் கவனித்தவர் சிலரே. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டிலே இடுவதால், இரண்டு வேலைகளும் ஒருங்கே நிகழ்கின்றன. பெண்குயில் கரியதன்று, பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. அதனை வேறொரு பறவையென்று எண்ணும் பிள்ளைகள் பலர்.

கேட்கும் குரலினும் கேளாது போகும் குரலையே நான் பெரிதாக மதிப்பேன். மாரி தொடங்கும்போது வடஇந்தியாவிலிருந்தும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் வந்து, மரநிழலிற் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும் ஆறுமணிக் குருவியை நம் வீடுகளிற் பலரும் அறிவர். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் உடையது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் ஈரசைச் சீழ்க்கை ஒலிப்பதால் அப்பெயர் பெற்றது. சித்திரை அளவில் அது கூடுகட்ட வடக்கே திரும்பிவிடும். ஒரு மாலை மணி ஆறாகும்; வளவு மௌனமாயிருக்கும். நாள்தோறும் செவிகொடுத்தவர்க்கே அம்மௌனம் புலப்படும். பிள்ளைகள் அந்நாளை நாட்குறிப்பில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவையெல்லாம் தவறினாலும் வேம்பு தவறுவதில்லை. பழுத்த இலைகளைக் கொட்டி, செம்பு நிறக் கொழுந்து விட்டு, பங்குனி முடிவதற்குள் வெண்பூச் சொரியும். இரவில் அதன் மணம் திண்ணைவரை வரும். மாலையில் மரத்தடியைக் கூட்டிச் சாக்கு விரித்துவிட்டால், விடியலிற் பூ உதிர்ந்து கிடக்கும். அன்னையர் அதனை அரைத்த உளுந்தோடும் மிளகாயோடும் பிசைந்து, தட்டி, பங்குனி வெயிலிற் காயவைப்பர். அவ்வேப்பம்பூ வடகம் போத்தலில் அடைபட்டுக் கார்த்திகை மழைநாள்வரை இருக்கும். வாடை வீசும் இரவிற் பொரித்துச் சோற்றோடு உண்பதற்கு.